முதலில் மலை, அப்புறம் திருவிழா: தென் பிரான்சின் ஜோர் பள்ளத்தாக்கில் ஓர் இலையுதிர்கால வார இறுதி

தென் பிரான்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நீஸ் கடற்கரையும் ஜூலை மாத லாவெண்டர் வயல்களும்தான். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசியில் போங்கள் என்பேன். அதுவும் கடற்கரைக்கு இல்லை. கடலை விட்டு ஒரு மணி நேரம் உள்ளே தள்ளி, மலையடிவாரக் கிராமங்களுக்கு. அப்போது திராட்சை அறுவடை முடிந்து புது ஒயின் வந்திருக்கும். செஸ்ட்நட் காய்கள் முள்ளோட்டோடு பாதையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். இந்த இரண்டையும் ஊரே கூடிக் கொண்டாடும் திருவிழாக்கள் வாரா வாரம் ஏதாவது ஒரு கிராமத்தில் நடக்கும்.

முதல் வருடம் நான் நேராகத் திருவிழாவுக்கே காரில் போய் இறங்கினேன். சுட்ட செஸ்ட்நட் ஒரு பொட்டலம், கொஞ்சம் இசை, நாலு படம், மாலையில் வீடு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு காய்க்கு எதற்கு இவ்வளவு பெரிய விழா என்பது விளங்கவே இல்லை. அடுத்த வருடம் முந்தைய நாளே போய், அந்தக் காய் விளையும் காட்டுக்குள் அரை நாள் நடந்தேன். மறுநாள் அதே திருவிழா எனக்கு வேறு மாதிரி இருந்தது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் சனிக்கிழமை நடை, ஞாயிற்றுக்கிழமை திருவிழா என்று வைத்திருக்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு நாளில் தென் பிரான்ஸ் முழுவதையும் பார்க்க நினைத்தால் நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பீர்கள். நான் சொல்வது எரோ மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஜோர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1973-இல் தொடங்கப்பட்ட ஓ-லாங்தொக் வட்டார இயற்கைப் பூங்காவுக்குள் இது வருகிறது. மேற்கே சென்-போன்-த-தொமியேர் என்ற சிறு நகரம், நடுவில் ஒலார்க் என்ற பழைய கிராமம், கிழக்கே மோன்ஸ்-லா-திரிவால். வடக்கே சுவர் போல எழும்பி நிற்பது காரு மலைத்தொடர், ஏறத்தாழ 1,090 மீட்டர் உயரம்.

இந்த இடத்தையே நான் சொல்வதற்குக் காரணம் பாறை. செஸ்ட்நட் மரத்துக்குச் சுண்ணாம்பு மண் ஆகாது. அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். காரு பக்கத்துப் பாறை அதற்கு ஏற்றது என்பதால் சரிவுகள் எல்லாம் செஸ்ட்நட் காடு. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் இறங்கினால் சென்-சினியான் ஒயின் பகுதியின் திராட்சைத் தோட்டங்கள். மலையில் விளைவதும் சமவெளியில் விளைவதும் ஒரே சந்தையில் சந்தித்துக்கொள்ளும் இடம் இது. ஒலார்க் திருவிழாவின் பெயரிலேயே அது இருக்கிறது: செஸ்ட்நட்டும் புது ஒயினும்.

சென்-போனிலும் ஒலார்க்கிலும் திருவிழாக்கள் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் நாட்களுக்குள், அதாவது நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாளை ஒட்டி நடக்கின்றன. எந்த வார இறுதி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். தேதி ஒத்துவரவில்லை என்றால் வேறு வழியும் உண்டு. வார் மாவட்டத்தில் மோர் மலைக்காட்டுக்குள் இருக்கும் கொலோப்ரியேர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ்ட்நட் திருவிழா நடத்துகிறது. ஆர்தேஷ் மலைகளில் கஸ்தாஞாத் என்ற பெயரில் ஒவ்வொரு வார இறுதியும் ஒவ்வொரு ஊர் முறை எடுத்துக்கொள்கிறது. நடை, பாதுகாப்பு, சாப்பாடு பற்றிக் கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

படி 2: போய்ச் சேர்வதும் தங்குவதும்

பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் பெசியே நகரத்துக்கு நாலரை மணி நேரம் ஆகும். மோன்பெல்லியேவிலிருந்து முக்கால் மணி நேரம்தான். பெசியேவிலிருந்து ஒலார்க் சுமார் 50 கிலோமீட்டர். பள்ளத்தாக்குக்குப் பேருந்து இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மிகக் குறைவு. இரண்டு மூன்று பேராகப் போனால் பெசியே ஸ்டேஷன் அருகில் வாடகைக் கார் எடுப்பதுதான் நிம்மதி. கார் இல்லாமலும் செய்யலாம். அப்படியானால் வெள்ளிக்கிழமையே பேருந்தில் போய் ஒலார்க்கிலேயே தங்கி, அங்கிருந்து எல்லா இடத்துக்கும் நடந்தே போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படி என்று படி 5-இல் சொல்கிறேன்.

தங்க இடம் ஒலார்க்கில் கிடைத்தால் நல்லது. திருவிழா சமயத்தில் பள்ளிகளுக்கும் இரண்டு வார விடுமுறை என்பதால் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். செப்டம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மோன்ஸ், சென்-போன், லாமாலூ-லே-பேன் எதிலும் தங்கலாம். வீட்டு அறையில் காலை உணவோடு தங்கும் ஷாம்ப்ர்-தோத் வகை இடங்களையே நான் விரும்புவேன். எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, எங்கே இன்று வேட்டை நடக்கிறது என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வேலை பாக்கி. கிராமத்துக் கடைகள் பல ஞாயிறு மதியத்துக்கு மேல் மூடிவிடும். உணவகங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரைதான். அதனால் சனிக்கிழமை நடைக்கான ரொட்டி, சீஸ், பழம், தண்ணீர் எல்லாவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். கொஞ்சம் சில்லறைப் பணமும் வேண்டும். திருவிழாக் கடைகள் எல்லாவற்றிலும் கார்டு செல்லாது.

படி 3: பையில் இருக்க வேண்டியவை

பகலில் 15, 18 டிகிரி என்று இதமாக இருக்கும். இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, மழைக் கோட்டு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ, ஒரு சிறு டார்ச். ஐ.ஜி.என். என்ற பிரெஞ்சு நில வரைபட நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்குக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர்.

இதோடு ஒரு ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் நிற மேல்சட்டையும் வேண்டும். இலையுதிர்காலம் காட்டுப்பன்றி வேட்டைக் காலம். சனி, ஞாயிறுகளில் வேட்டைக்காரர்கள் குழுவாக நாய்களோடு காட்டைச் சுற்றி வளைத்து நிற்பார்கள். பாதை ஓரத்தில் ‘சாஸ் ஆன் கூர்’ என்று பலகை வைத்திருந்தால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நின்று, அங்கே நிற்பவரிடம் ‘போஞ்சூர்’ சொல்லி, போகலாமா என்று கேளுங்கள். வேறு வழி காட்டினால் அந்த வழியே போங்கள். பழுப்பும் பச்சையுமான உடையில் புதருக்குள் நடப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பாதைக் குறிகளையும் பழகிக்கொள்ளுங்கள். வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் நெடுந்தூர ஜி.ஆர். பாதை. மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் உள்ளூர்ச் சிறு நடை. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி; கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள்.

படி 4: வானத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்

இதைத் தனிப் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோடையெல்லாம் சூடாகிக் கிடந்த மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக்காற்று இலையுதிர்காலத்தில் இந்த மலைச் சுவரில் வந்து மோதும். அப்போது ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல்கூட மழை கொட்டும். இந்த மழைக்கு ‘செவென் மழை’ என்று இங்கே தனிப் பெயரே உண்டு. காலையில் முழங்காலளவு ஓடிய ஓடை மாலைக்குள் பாலத்தைத் தொடும். 2014 செப்டம்பரில் இதே பகுதியில் லாமாலூ-லே-பேன் ஊரில், ஓடைக்கரை முகாமில் தங்கியிருந்தவர்கள் வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். 2018 அக்டோபரில் பக்கத்து ஓத் மாவட்டத்தில் ஒரே இரவு மழையில் பல உயிர்கள் போயின.

பயந்து வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. வெள்ளி இரவும் சனி காலையும் பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தேயோ-பிரான்ஸ் வெளியிடும் எச்சரிக்கை வரைபடத்தில் எரோ மாவட்டம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பச்சை என்றால் கிளம்பலாம். மஞ்சள் என்றால் எதனால் என்று படியுங்கள். மழை, வெள்ளம் என்றிருந்தால் ஆற்றுப் பள்ளத்தை விட்டுவிட்டு ஊருக்குள் சுற்றுங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால், சனிக்கிழமை நடக்கப்போகும் எரிக் பள்ளத்துக்குள் கால் வைக்கவே கூடாது. தண்ணீர் ஓடும் சாலையைக் காரில் கடக்கவும் கூடாது. அவசர உதவிக்கு 112.

படி 5: சனிக்கிழமை காலை, எரிக் பள்ளம்

மோன்ஸ் கிராமத்துக்குச் சற்று வடக்கே காரு மலையைக் கத்தியால் வெட்டியது போல ஒரு பிளவு. அதன் வழியாக எரிக் ஓடை இறங்கி வருகிறது. ஓடையை ஒட்டியே சிமெண்ட் போட்ட பாதை மேலே எரிக் என்ற சின்னஞ்சிறு மலைக் குடியிருப்பு வரை போகிறது. வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை. போக வர 10 கிலோமீட்டருக்குள்தான். ஏற்றம் சுமார் 300 மீட்டர். சாதாரணமாக நடக்கிறவர்களுக்கு மூன்று மணி நேரம் தாராளம். வழி தவறவே முடியாது என்பதால் நடைப் பழக்கம் இல்லாதவர்களையும் நம்பி அழைத்துப் போகலாம்.

கார் இல்லாதவர்கள் ஒலார்க்கிலிருந்து மோன்ஸுக்கு ‘பாசா பாயிஸ்’ பசுமைப் பாதையில் நடந்து வரலாம். மசாமே, பெதாரியூ ஊர்களை இணைத்த பழைய ரயில் பாதையைத் தண்டவாளம் எடுத்துவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாக மாற்றியிருக்கிறார்கள். மொத்த நீளம் 75 கிலோமீட்டருக்கு மேல். ரயில் போன வழி என்பதால் ஏற்றமே தெரியாது. ஒலார்க்கிலிருந்து மோன்ஸ் ஐந்தாறு கிலோமீட்டர். அப்படி வருகிறவர்களுக்கு அன்று மொத்தம் 20 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

காலை 9 மணிக்கெல்லாம் பள்ளத்துக்குள் இருப்பது நல்லது. முதல் அரை மணி நேரம் நிழலில் குளிரும். பாறைகள் செங்குத்தாக நிற்கும். கீழே பச்சைக் கண்ணாடி போல நீர்க்குழிகள். அவற்றில் பெரியதைச் செரிசியே குழி என்பார்கள். கோடையில் அங்கே குளிக்கக் கூட்டம் அலைமோதும். அக்டோபரில் நாம் மட்டும்தான். தண்ணீர் விழும் சத்தம் பாறைக்குப் பாறை எதிரொலிக்கும்.

வழியோரத்தில் ஒரு செடியை மட்டும் நின்று பாருங்கள். ஆர்பூசியே என்று பெயர். கிளையில் சிவப்பாகப் பழமும், பக்கத்திலேயே சிறு மணி மணியாக வெள்ளைப் பூவும் ஒரே நேரத்தில் இருக்கும். பழம் பழுக்க ஒரு வருடம் ஆவதால், போன வருடத்துப் பூ பழமாகி நிற்கும்போதே இந்த வருடத்துப் பூ வந்துவிடுகிறது. பழத்தின் மேல்தோல் மணலைத் தொடுவது போல நறநறக்கும். உள்ளே மாவாக, இலேசான இனிப்பு. முற்றச் சிவந்ததை ஒன்றிரண்டு சாப்பிட்டுப் பார்க்கலாம்.

பேச்சைக் குறைத்து நடந்தால் மேலே பாறை விளிம்பில் மூஃப்லோன் தெரியலாம். சுருண்ட கொம்புள்ள காட்டுச் செம்மறி அது. 1950களில் இந்த மலையில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று காருவின் அடையாளமே அதுதான். இலையுதிர்காலம் அவற்றின் இணை சேரும் பருவம். கிடாக்கள் முட்டிக்கொள்ளும்போது இரண்டு மரக்கட்டைகளை மோதவிட்ட மாதிரி ஒரு சத்தம் பள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து வரும். எனக்கு அது ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறது. விலங்கு கண்ணில் படவில்லை. ஆனாலும் அந்த நாளை அந்தச் சத்தத்தோடுதான் நினைவு வைத்திருக்கிறேன்.

மேலே எரிக் குடியிருப்பில் சில கல் வீடுகள்தான். கூரைக்கும் கல் பலகையே. தேநீர்க் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்; கொண்டுபோன ரொட்டியை அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

படி 6: செஸ்ட்நட் காட்டைப் படிப்பது

எரிக் வீடுகளைச் சுற்றிய சரிவுகளில் கற்களை அடுக்கிக் கட்டிய படிப்படியான திட்டுகளைப் பார்ப்பீர்கள். பாதி இடிந்து, பாசி பிடித்து, நடுவில் மரம் முளைத்துக் கிடக்கும். இது தானாக வளர்ந்த காடு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு மரமும் ஒட்டுப் போட்டு வளர்த்தது. சரிவில் மண் நிற்காது, கோதுமை விளையாது. மனிதர்கள் உயிரோடு இருந்தது இந்தக் காயால். அதனால்தான் இதற்கு ‘ரொட்டி மரம்’ என்று பெயர்.

காய் ஈரத்தோடு இருந்தால் சில வாரங்களில் பூஞ்சணமும் புழுவும் பிடித்துவிடும். அதற்கு இவர்கள் கண்ட வழி ‘செக்காது’ என்ற சிறு கல் வீடு. கீழ்த்தளத்தில் எரியாமல் புகையும் கட்டைத் தீ. மேலே இடைவெளி விட்டு அடுக்கிய மரச் சட்டங்கள். அதன்மேல் ஒரு முழம் உயரத்துக்குக் காய்கள். மூன்று நாலு வாரம் இரவும் பகலும் தீ அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் அடித்து ஓடு நீக்கினால் தந்த நிறத்தில் கல் போலப் பருப்பு. ஒரு வருடம் கெடாது. அதை ஊறவைத்துக் கஞ்சியாக்கினால் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு, மாவாக்கினால் ரொட்டி.

காட்டோரத்தில் சன்னலே இல்லாத, கூரை சரிந்த சிறு கல் கட்டடம் கண்ணில் பட்டால் உள்ளே எட்டிப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் சுவர் முழுக்கக் கரி தார் போலப் படிந்து பளபளத்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். எத்தனையோ வருடமாகத் தீ மூட்டாத இடம், ஆனாலும் புகை வாசம் போகவில்லை. எங்கள் ஊர் விறகடுப்புச் சமையலறையின் அட்டாலிதான் நினைவுக்கு வந்தது.

இந்த வாழ்க்கை எப்படி முடிந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரைக் கருக்கும் ‘மை நோய்’ பரவியது. பல இடங்களில் மரங்களைத் தோல் பதனிடும் சாயச் சாறுக்காக வெட்டி விற்றார்கள். 20-ஆம் நூற்றாண்டில் பட்டையைப் பிளக்கும் பூஞ்சை நோய் வந்தது. இதற்கு நடுவே பிள்ளைகள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வேலை தேடிப் போனார்கள். இன்று திருவிழாவில் பொட்டலம் கட்டி விற்கிறவர்கள், திட்டுகளைத் திரும்ப எடுத்துக் கட்டி, மரங்களுக்கு மறுபடி ஒட்டுப் போட்டு வளர்க்கிறவர்கள். விலை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பாதையில் கிடக்கும் காயைப் பையில் நிரப்பாதீர்கள். ஆளில்லாத மாதிரி இருந்தாலும் காட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். இரண்டாவது, ஊர்ச் சாலைகளில் நிழலுக்கு நட்டிருக்கும் குதிரைச் செஸ்ட்நட் வேறு மரம், காய் விஷம். உண்ணும் செஸ்ட்நட்டின் ஓடு முள்ளம்பன்றி போல நெருக்கமான மெல்லிய முள்ளோடு இருக்கும். காயின் நுனியில் சிறு குஞ்சம் உண்டு. குதிரைச் செஸ்ட்நட் ஓட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள், காய் குஞ்சமில்லாமல் உருண்டையாக இருக்கும்.

படி 7: சனிக்கிழமை மாலை, ஒலார்க்

மூன்று மணிக்குள் கீழே இறங்கிவிட்டால் ஒலார்க்கில் வெளிச்சம் இருக்கும்போதே சுற்றலாம். பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்ற பட்டியலில் இருக்கும் ஊர் இது. ஜோர் ஆறு வளைந்து ஓடும் மேட்டின் மேல் வீடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஏறுகின்றன. உச்சியில் தனியாக நிற்கும் மணிக்கூண்டு முன்பு கோட்டையின் காவல் கோபுரமாக இருந்தது. மூடிய கல் படிக்கட்டு வழியாக மேலே ஏறுங்கள். இறங்கும்போது ஆற்றுப் பக்கம் வந்து ‘சாத்தான் பாலம்’ பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கல் பாலம்; முதுகு வளைந்த பூனை போல ஆற்றைத் தாண்டுகிறது. அடியில் போய் நின்று, ஊரின் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பாருங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்த வார இறுதியாக இருந்தால் ஞாயிறு மாலை 5.45 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். கைக்கடிகாரத்தைச் சனி இரவே மாற்றி வைத்துவிடுங்கள். பேருந்தும் ரயிலும் புது நேரத்துக்குத்தான் ஓடும்.

படி 8: ஞாயிறு, திருவிழா

பத்து மணிக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பெசியேவிலிருந்து கார்கள் வரத் தொடங்கினால் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

முதலில் புகை வரும் திசைக்குப் போங்கள். ஓட்டை போட்ட பெரிய இரும்பு உருளைக்குள் காய்களைக் கொட்டி, கீழே திராட்சைக் கொடிச் சுள்ளியை எரித்து, ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். உருளைக்குள் காய்கள் உருளும் ஓசை மழை பெய்வது போலக் கேட்கும். ஓசை மாறி, கலகலவென்று இலேசானதும் இறக்கிவிடுவார். சுடச்சுடத் தாள் கூம்பில் போட்டுத் தருவார்கள். ஆறவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதுதான் உள்தோல் ஓட்டோடு சேர்ந்து உரியும். ஆறிவிட்டால் பருப்போடு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்துக் கடையில் இரண்டு பெயர்கள் கேட்பீர்கள்: ஷாத்தேஞ், மரோன். இரண்டும் ஒரே மரவகையின் காய். உள்தோல் பருப்புக்குள் மடிந்து போய் அதை இரண்டு மூன்றாகப் பிரித்தால் ஷாத்தேஞ். பிரியாமல் முழுப் பருப்பாக இருந்தால் மரோன். ஒரு ரகத்தில் இப்படிப் பிரிந்த காய்கள் 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அதை மரோன் ரகம் என்பார்கள். சர்க்கரைப் பாகில் ஊறவைக்கும் இனிப்புக்கு முழுப் பருப்பு வேண்டும் என்பதால் மரோனுக்கு விலை அதிகம். அந்த இனிப்பு செய்யும்போது உடைந்து போகிற துண்டுகளை வீணாக்காமல் செய்ததுதான் செஸ்ட்நட் கிரீம். 1885-இல் ஆர்தேஷ் மாவட்டத்துப் பிரிவா நகரில் க்ளெமோன் ஃபோஜியே உருவாக்கியது. தொழிற்சாலை டப்பா எல்லாக் கடையிலும் கிடைக்கும். இங்கே விவசாயி கையால் செய்து பாட்டிலில் அடைத்ததை வாங்குங்கள். இனிப்பு குறைவு, காயின் மணம் அதிகம்.

புது ஒயின் பற்றி. நொதித்தல் முழுதாக முடியாமல், கலங்கலாக, இனிப்பாக இருக்கும் இளம் ஒயினும் சில கடைகளில் இருக்கும். பழச்சாறு போல இறங்கும், ஆனால் மது மதுதான். கார் ஓட்டுபவர் தொட வேண்டாம். பாட்டிலில் வாங்கினால் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். பழகின ஒயின் வேண்டுமென்றால் சென்-சினியான், ஃபோஜேர் இரண்டும் பக்கத்துப் பகுதிகள். இரண்டுக்கும் 1982-இல், விளையும் இடத்தைக் குறிக்கும் அதிகாரபூர்வத் தரப்பெயர் கிடைத்தது. மது அருந்தாதவர்களுக்குப் புதிதாகப் பிழிந்த ஆப்பிள் சாறு பெரும்பாலும் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: இந்த மலைப்பகுதி பன்றி இறைச்சிக்குப் பெயர் போனது. செஸ்ட்நட் சூப்பில்கூடச் சிறு துண்டுகள் போடுவார்கள். ‘சான் வியாந்த்?’ என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமலா என்று பொருள். பெலார்தோன் ஆட்டுப்பால் சீஸ், செஸ்ட்நட் தேன் தடவிய ரொட்டி, செஸ்ட்நட் மாவு கேக் இவை போதும், வயிறு நிறைந்துவிடும். செஸ்ட்நட் தேன் கறுப்பாக, கடைசியில் இலேசான கசப்போடு இருக்கும். வேப்பம்பூ ரசம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

இசை கேட்டால் நின்றுவிடுங்கள். முழு ஆட்டுத் தோலைக் காற்றுப் பையாக வைத்து ஊதும் ‘போதேகா’ இந்த மலைப்பகுதிக்கே உரிய வாத்தியம். ஆட்டின் உருவமே தெரியும். வாசிப்பவர் அதை அக்குளில் அணைத்துக்கொண்டிருப்பார். கூடவே ஊதும் லாங்தொக் ஓபோ, நம் நாதஸ்வரம் போல இரட்டை நாக்குச் சீவாளி வைத்தது. முதல் சுரம் காதில் விழுந்ததும் கோயில் வாசலில் நிற்கிற உணர்வு எனக்கு வந்துவிட்டது. நடனத்துக்குக் கை நீட்டினால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள். பாதி வட்டம் சுற்றுவதற்குள் கால் பழகிவிடும்.

நடந்து வந்தவருக்கும் சும்மா வந்தவருக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். காய்ந்த பருப்பு விற்ற ஒரு பாட்டியிடம், முந்தைய நாள் எரிக் பக்கம் கரி பிடித்த செக்காது ஒன்றைப் பார்த்ததைச் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டார். “தீயைப் பார்த்துக்கொள்வது சின்ன வயதில் என் வேலை, மெஸ்யு. தூங்கிவிட்டால் அடி விழும்” என்றார். அப்புறம் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முள்ளோட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டைவிரல் நுனி தடித்து, ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

படி 9: மதியத்துக்கு மேல் சிறு நடை

சாப்பிட்டதும் கிளம்ப அவசரப்படாதீர்கள். ஒலார்க்கிலிருந்து பசுமைப் பாதையில் மேற்கே பிரெமியான் பக்கமாக ஒரு மணி நேரம் நடந்து திரும்புங்கள். பழைய ரயில் பாலத்திலிருந்து ஊரைப் பார்த்தால் மணிக்கூண்டும் மலையும் ஒரே கோட்டில் நிற்கும்.

காரில் வந்தவர்கள் சென்-போன் போகலாம். 936-இல் துலூஸ் பிரபு ரேமோன் போன் நிறுவிய மடத்திலிருந்து வளர்ந்த ஊர் அது. அங்கே ஜோர் ஆறு பாறைக்கு அடியிலிருந்து ஊருக்குள்ளேயே வெளிவருகிறது. அந்த ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மலை முகடு. அதற்குக் கிழக்கே விழும் மழை ஜோர், ஓர்ப் வழியாக மத்தியதரைக் கடலுக்கும், மேற்கே விழுவது அட்லாண்டிக்குக்கும் போகிறது.

படி 10: வீட்டுக்குக் கொண்டுபோவது

ஒரு கிலோ பச்சைக் காய் வாங்குங்கள். கனமாக, ஓடு பளபளப்பாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போடுங்கள், மிதப்பவற்றை எறியுங்கள். உடனே சமைக்காவிட்டால் துடைத்துக் காகிதப் பையில் குளிர்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுடுவதற்கு முன் ஒவ்வொரு காயின் உப்பிய பக்கத்திலும் ஓடும் உள்தோலும் வெட்டுப்படும்படி கத்தியால் கீறுங்கள். கீறாத காய் அடுப்பில் வெடிக்கும். 200 டிகிரி ஓவனில் 20 முதல் 25 நிமிடம். எடுத்ததும் ஈரத் துணியில் சுற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விரல் சுடச்சுட உரியுங்கள்.